பையோடு கடலில் முங்கலாமா?

டாக்டரம்மாவிடம் கேளுங்கள்

மார்பகப் புற்றுநோய்க்காக மார்பை எடுத்த பிறகு அதை மறுபடி அமைத்துக்கொள்ள முடியும் என்று சென்ற இதழில் நான்கே வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு ராமநாதபுரம் கரையோரத்திலிருந்து மட்டும் ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. நான் மண்டபத்தில் பிறந்தவள். மதுரையில் பிளாஸ்டிக் சர்ஜனாக இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். கடிதங்களில் இருந்த ஊர்கள் எல்லாம் எனக்குப் பஸ் நிறுத்தம் வரை தெரிந்தவை. அதனால் இந்த முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கிவிட்டேன். கேட்டுக்கொண்டபடி பெயர்களை எடுத்துவிட்டு, ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

*

டாக்டரம்மா, எனக்கு வயசு 43. பாசி எடுக்கப் போறவ. இடது மார்புல கட்டி, மொத்தமா எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. எடுத்த இடத்துல சிலிக்கோன் பை வச்சு மார்பு மாதிரியே பண்ணலாம்னு பெரிய டாக்டர் சொன்னாரு. பக்கத்து வீட்டு மதினி, "அந்தப் பையே திரும்பக் கேன்சரக் கொண்டாந்துரும்"ங்குது. பை வச்சா கடல்ல முங்கலாமா? முங்குனா வெடிச்சிருமா?
— பாம்பன் வாசகி

முதலில் மதினி சொன்னதைப் பார்ப்போம். உங்களுக்கு வந்திருக்கும் மார்பகப் புற்றுநோயை அந்தப் பை திரும்பக் கொண்டுவராது. பை வைத்துக்கொண்டவர்களையும் வைக்காதவர்களையும் பல வருஷம் தொடர்ந்து பார்த்ததில், பை வைத்ததால் நோய் கூடுதலாகத் திரும்பியதாகத் தெரியவில்லை. எடுத்த இடத்திலேயே நோய் திரும்பினாலும் பெரும்பாலும் தோலிலோ தோலுக்கு அடியிலோதான் வரும். பை அதற்குப் பின்னால் இருப்பதால் கைக்கு அகப்படாமல் மறைத்துவிடாது.

ஆனால் மதினி பேச்சை அப்படியே தள்ளிவிடவும் மாட்டேன். அதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. மேற்பரப்பு சொரசொரப்பான சில பைகளைச் சுற்றி, மிக அரிதாக, நிணநீர் மண்டலத்தைச் சேர்ந்த வேறொரு புற்றுநோய் வருகிறது. இது மார்பகப் புற்றுநோய் அல்ல. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இல் இதைப் பற்றி முதலில் எச்சரித்தது. 2019 ஜூலையில் அது கணக்குச் சொன்னபோது உலகம் முழுக்க 573 பேருக்கு வந்திருந்தது. 33 பேர் இறந்திருந்தார்கள். பெரும்பாலானவை ஒரே கம்பெனியின் ஒரே வகைச் சொரசொரப்புப் பையோடு தொடர்புடையவை. அந்த வகையை அந்த மாதமே உலகச் சந்தை முழுவதிலிருந்தும் திரும்பப் பெற்றார்கள். கோடிக்கணக்கான பெண்கள் பை வைத்திருக்கும் உலகத்தில் இது சின்னக் கணக்குதான். என்றாலும் அந்த 33 பேரும் யாரோ ஒருவருடைய அம்மா, அக்கா. ஆகவே உங்கள் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வைக்கப்போறது வழவழப்பான பையா, சொரசொரப்பான பையா?" நான் வழவழப்பானதைத்தான் வைக்கிறேன்.

சிலிக்கோன் பை நேற்று வந்த பொருளல்ல. முதல் பையை 1962-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் வைத்தார்கள். உடம்பு முழுக்க மூட்டுவலி, தோல் நோய் எல்லாம் இதனால் வருகிறது என்று பயம் கிளம்பி, 1992-இல் அங்கே பொதுப் பயன்பாட்டை நிறுத்தி வைத்தார்கள். அப்போதுகூட, மார்பை இழந்தவர்களுக்கு ஆய்வுக் கண்காணிப்போடு வைக்க அனுமதி இருந்தது. அந்த நோய்களுக்கும் பைக்கும் தொடர்பு இருப்பதற்குச் சான்று இல்லை என்று 1999-இல் அங்குள்ள மருத்துவக் கழகம் அறிக்கை கொடுத்தது. 2006-இல் தடை நீங்கியது. பொருளில் மோசடி நடந்ததும் உண்டு. மருத்துவத்துக்கான சிலிக்கோனுக்குப் பதில் தொழிற்சாலைச் சிலிக்கோனை நிரப்பி விற்ற பிரான்ஸ் கம்பெனி ஒன்று 2010-இல் பிடிபட்டது. அதை நிறுவியவர் சிறைத்தண்டனை பெற்றார். இவ்வளவையும் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. எந்தக் கம்பெனி, எந்த எண் என்று கேட்டு வாங்கி வைக்க உங்களுக்கு உரிமை உண்டு என்பதற்காக.

சரி, கடலுக்கு வருவோம். முங்கினால் வெடிக்காது. பைக்குள் இருப்பது காற்றல்ல, கெட்டியான ஜெல். நீங்கள் பாசிக்கு முங்குகிற ஆழம் அதை ஒன்றும் செய்யாது. எனக்குக் கவலை வேறு மூன்று இடத்தில்.

ஒன்று, புண். தையல் முழுக்க மூடி, புண் நீர் வடிய வைத்த டியூப்பை எடுத்த துளையும் ஆறி, டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை கடல் தண்ணீர் நெஞ்சில் படக்கூடாது. குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம். கீமோ இருந்தால் அது முடியும் வரைகூட ஆகலாம். ஆறாத புண் வழியாகக் கடல் கிருமி பைவரை போய்விட்டால், மாத்திரையில் அடங்காது; பையை எடுக்க வேண்டி வரும்.

இரண்டு, சதை. பையை நெஞ்சுச் சதைக்கு அடியில் வைப்பது பழைய முறை. அப்படி வைத்தால் கையை வீசி நீந்தும்போதும் கயிறு இழுக்கும்போதும் சதை இறுகி, மார்பு ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு மேலே ஏறும். மேசை வேலை பார்ப்பவருக்கு இது சின்ன விஷயம். காலில் தகடு கட்டிக்கொண்டு நாளெல்லாம் நீந்துகிற உங்களுக்கு அப்படியல்ல. சதைக்கு மேலே, தோலுக்கு அடியிலேயே வைக்கிற முறை இருக்கிறது. எடுத்தபின் மிஞ்சும் தோல் தடிப்பாகவும் ரத்த ஓட்டத்தோடும் இருந்தால் அதைச் செய்யலாம். முதுகுச் சதையைத் திருப்பிக் கொண்டுவந்து மார்பு செய்யும் முறையை யாராவது சொன்னால், "நான் நீந்திப் பிழைக்கிறவ" என்று உடனே சொல்லிவிடுங்கள். கையைப் பின்னால் வலித்து நீந்துவதற்கான சதையே அதுதான். டாக்டர்கள் உங்கள் தொழிலைக் கேட்காமல் விட்டால் நீங்களாகச் சொல்லுங்கள்.

மூன்றாவது பைக்குச் சம்பந்தமில்லாதது. ஆனாலும் எனக்கு இதுதான் அதிகக் கவலை. அக்குளில் நெறி (நிணநீர் முடிச்சு) எடுத்திருந்தால் அந்தக் கையில் சின்னக் கீறலும் வீக்கமாகி நிற்கலாம். பாறையில் பாசி பிய்க்கும்போது விரலில் துணி சுற்றிக்கொள்வீர்கள். இனி அது போதாது. இடது கைக்கு முழங்கைக்கு மேல்வரை சட்டையும் தடித்த கையுறையும் போடுங்கள். கீறினால் அன்றைக்கே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கை சிவந்து சூடானால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

*

அஸ்ஸலாமு அலைக்கும். 38 வயது, இரண்டு பிள்ளைகள். பையைத் தாங்குவதற்கு ஒரு தோல் மாதிரி வைப்பார்கள், அது பன்றித் தோலில் செய்தது என்று சொந்தக்காரப் பெண் சொன்னாள். உண்மையா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.
— கீழக்கரை வாசகி

வ அலைக்குமுஸ்ஸலாம். கூச்சப்படாமல் கேட்டதற்கு நன்றி. டாக்டர்களாகிய நாங்கள் கேட்காமலே சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது.

உண்மைதான், ஆனால் பாதி. பையில் விலங்குப் பொருள் எதுவும் இல்லை, அது சிலிக்கோன். பையின் கீழ்ப்பகுதியைத் தாங்க சில டாக்டர்கள், உயிரணுக்களை நீக்கிய ஒரு தோல் தகட்டைத் தைக்கிறார்கள். சந்தையில் மனிதத் தோலிலிருந்து செய்தது, மாட்டுத் தோலிலிருந்து செய்தது, பன்றித் தோலிலிருந்து செய்தது என்று மூன்றும் உண்டு. செயற்கை வலையும் உண்டு. எதுவுமே இல்லாமல் சொந்தச் சதையால் மூடுவதும் உண்டு. சம்மதப் பத்திரத்தில் "மேட்ரிக்ஸ்" அல்லது "மெஷ்" என்ற வார்த்தை இருந்தால் அது எதிலிருந்து வந்தது என்று கேட்டு, பேனாவால் பக்கத்தில் எழுத வையுங்கள். மார்க்கப்படி எது கூடும் என்று சொல்வது என் வேலையல்ல, உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். ஆனால் "வேறு வழியே இல்லை, இதைத்தான் வைக்க வேண்டும்" என்று யாராவது சொன்னால் அது சரியல்ல என்று மட்டும் நான் உறுதியாகச் சொல்வேன். இந்தத் தகடு பாதகமே இல்லாத நன்மையும் அல்ல. சில வகைகளில் தொற்றும் மறு ஆபரேஷனும் கூடுதலாக வரலாம் என்று 2021-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது.

தொழுகை பற்றிக் கடிதத்தின் கடைசியில் கேட்டிருந்தீர்கள். டியூப் இருக்கும்வரை நாற்காலியில் உட்கார்ந்து தொழுங்கள். நெற்றியைத் தரையில் வைக்கும் சஜ்தாவில் உடம்பின் பாரம் கையில் இறங்கும். ஆறு வாரம் வரை அந்தப் பாரம் வேண்டாம்.

*

ஐயா/அம்மா, என் மனைவிக்கு 40 வயது. மார்பை எடுத்த பிறகு கரண்ட் வைக்கணும்னு சொல்றாங்க. பையும் அப்பவே வச்சுரலாமா? கரண்ட் பட்டா பை உருகிடாதா? நான் விசைப்படகுக்குப் போறவன், தடைக்காலத்துல வீட்ல இருப்பேன், அதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சிரலாம்னு பாக்குறேன்.
— தொண்டி வாசகர்

தம்பி, மனைவிக்காகக் கடிதம் எழுதும் கணவர்கள் எனக்கு அதிகம் கிடைப்பதில்லை. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

கரண்ட் என்று நம் ஊரில் சொல்கிற கதிர்வீச்சுச் சிகிச்சை பட்டால் பை உருகாது. கெடுவது பையைச் சுற்றியிருக்கும் தோலும் சதையும்தான். உடம்பு எந்த அந்நியப் பொருளைச் சுற்றியும் மெல்லிய உறை ஒன்றைக் கட்டும். கரண்ட் பட்ட இடத்தில் அந்த உறை தடித்து, சுருங்கி, பையை இறுக்குகிறது. மார்பு கல்லாகி மேலே ஏறிக்கொள்ளும், வலிக்கும். தோல் மெலிந்து பை வெளியே எட்டிப் பார்த்ததையும் பார்த்திருக்கிறேன்.

இதற்கு நம்பத்தகுந்த கணக்கு இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 11 மருத்துவ மையங்களில், மார்பை மறுபடி அமைத்துக்கொண்ட பெண்களை இரண்டு வருஷம் தொடர்ந்து பார்த்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். பை வைத்து, கரண்டும் வாங்கிய 100 பேரில் 39 பேருக்கு ஏதாவது ஒரு சிக்கல். கரண்ட் இல்லாமல் பை மட்டும் வைத்த 100 பேரில் 22 பேருக்கு. அமைத்த மார்பையே இழக்க வேண்டி வந்தது, கரண்ட் வாங்கியவர்களில் 100-க்கு 19 பேர். வாங்காதவர்களில் 4 பேர். பைக்குப் பதில் வயிற்றுச் சதை, முதுகுச் சதை என்று சொந்தச் சதையால் செய்து கரண்ட் வாங்கியவர்களில் மார்பை இழந்தவர் 100-க்கு ஒருவர்தான். இது நம் ஊர்க் கணக்கல்ல. நம் வெயிலுக்கும் தூரத்துக்கும் இது குறைய வாய்ப்பில்லை என்பதுதான் என் எண்ணம்.

ஆகவே உங்கள் மனைவிக்குக் கரண்ட் உறுதி என்றால், பையை அவசரப்பட்டு வைக்க வேண்டாம் என்பேன். உறுதியா என்று எப்படித் தெரியும்? அக்குள் நெறியில் நான்கு அல்லது அதற்கு மேல் நோய் இருந்தாலோ, கட்டி ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ கரண்ட் வைக்கச் சொல்வது வழக்கம். ஒன்று முதல் மூன்று நெறி என்றாலும் பலருக்கு வைப்பார்கள். மார்பை எடுக்கும் டாக்டர், கரண்ட் வைக்கும் டாக்டர், என்னைப் போன்ற பிளாஸ்டிக் சர்ஜன் மூவரும் ஆபரேஷனுக்கு முன்பே பேசியிருக்க வேண்டும். பேசவில்லை என்றால் நீங்கள் கேட்டுப் பேச வையுங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவு இருக்கிறது. பரிசோதனை முடிவுகளை எடுத்துக்கொண்டு, எடுப்பதற்கு முன்னால் ஒருமுறை அங்கே காட்டுங்கள்.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை, 61 நாள். நோயை எடுக்கும் ஆபரேஷனுக்காகத் தடைக்காலம் வரை காத்திருக்கவே கூடாது. இன்றைக்குத் தேதி கிடைத்தால் இன்றைக்கே. மார்பை மறுபடி அமைப்பது வேறு; கரண்ட் முடிந்து, தோல் ஆறி, ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து அதைச் செய்யலாம். அதற்கு அடுத்த வருஷத் தடைக்காலத்தைக் குறித்து வையுங்கள். அப்போது வீட்டில் சமைக்கவும் தண்ணீர்க் குடம் தூக்கவும் நீங்கள் இருப்பீர்கள். ஆறு வாரம் அவர் குடம் தூக்கக்கூடாது.

*

47 வயது. இப்போதே பை வைக்காமல் முதலில் எக்ஸ்பாண்டர் என்று ஒன்றை வைத்து ஊசியால் பெரிசாக்கிப் பிறகு பை என்கிறார்கள். எத்தனை தடவை மதுரை வர வேண்டியிருக்கும்?
— தங்கச்சிமடம் வாசகி

இந்தக் கேள்வியை ஆஸ்பத்திரியில் யாரும் கேட்பதில்லை. ஆனால் நம் கரைக்கு இதுதான் தலையாய கேள்வி.

எக்ஸ்பாண்டர் என்பது காலியான பலூன் போன்றது. அதை உள்ளே வைத்து, புண் ஆறியதும் ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தோலின் மேலிருந்து ஊசியால் உப்பு நீர் ஏற்றித் தோலை மெல்ல விரிப்போம். போதுமான அளவு வந்ததும் இரண்டாவது ஆபரேஷனில் அதை எடுத்துவிட்டுப் பையை வைப்போம். டியூப்பில் 24 மணி நேரத்துக்கு 30 மில்லிக்குக் குறைவாக வரும்போதுதான் டியூப்பை எடுப்போம், அதற்கு ஒரு தடவை வர வேண்டும். தையலுக்கு ஒன்றிரண்டு. ஊசிக்கு நான்கிலிருந்து எட்டு. இரண்டாவது ஆபரேஷன், அதன்பின் மறுபடி இரண்டு மூன்று. கூட்டிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு தடவை. ராமேஸ்வரம் தீவிலிருந்து மதுரை ஏறக்குறைய 170 கிலோமீட்டர். பஸ் காசு, கூட வருபவரின் ஒருநாள் கூலி, இரவு தங்கல் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தோல் நன்றாக இருந்தால் ஒரே ஆபரேஷனில் நேரடியாகப் பை வைக்க முடியுமா என்று கேளுங்கள்; வர வேண்டிய தடவை பாதிக்கு மேல் குறையும்.

ஒரு சம்பவம் சொல்லியே ஆக வேண்டும். பல வருஷத்துக்கு முன்னால் உங்கள் பக்கத்து ஊர்ப் பெண் ஒருவருக்குப் பை வைத்தேன். பன்னிரண்டாம் நாள் மார்பில் கையகலம் சிவப்பு, ராத்திரியில் குளிர்ஜுரம். வெயில் சூடு என்று நினைத்து மஞ்சள் பூசி, காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு நான்கு நாள் இருந்துவிட்டார். வந்தபோது உள்ளே சீழ். பையை எடுத்தேன். கீமோவும் மூன்று வாரம் தள்ளிப்போனது. எனக்குப் பையைவிட அதுதான் வேதனை. எதைக் கண்டால் ஓடி வரவேண்டும் என்று எல்லாவற்றையும் டிஸ்சார்ஜ் தாளில் நான் எழுதித்தான் கொடுத்திருந்தேன், ஆங்கிலத்தில். அவர் வீட்டில் அதை வாசிக்க ஒருவருமில்லை. தவறு என்னுடையது. அன்றிலிருந்து தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுக்கிறேன். அதில் இருப்பது இவ்வளவுதான்: சிவப்பு பரவினால், காய்ச்சல் வந்தால், தையல் வழியே நீர் ஒழுகினால், ஒரு பக்கம் திடீரென்று வீங்கினால், தோல் கறுத்தால், அன்றைக்கே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் அங்கிருந்து எங்களுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். மதுரைக்குப் பஸ் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். உங்கள் டாக்டரிடமும் இதைத் தமிழில் எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று. எக்ஸ்பாண்டர் பலவற்றில் ஊசி போடும் இடத்தைக் கண்டுபிடிக்கக் காந்தம் வைத்திருப்பார்கள். அது உள்ளே இருக்கும்போது எம்.ஆர்.ஐ. எடுக்க யார் சொன்னாலும் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்.

*

நான்கு வருஷத்துக்கு முன் சென்னையில் பை வைத்தேன். இப்போது மார்பு கெட்டியாகி, ஒரு பக்கம் ஏறிவிட்டது. ஒருமுறை வைத்தால் ஆயுளுக்கும் போதும் என்றார்களே? கொடுத்த கார்டு வீடு மாறியதில் தொலைந்துவிட்டது.
— ஏர்வாடி வாசகி, 52

ஆயுளுக்கும் போதும் என்று யார் சொல்லியிருந்தாலும் சொல்லியிருக்கக் கூடாது. இந்தப் பைகள் வாழ்நாள் பொருள் அல்ல. எத்தனை வருஷம் உள்ளே இருக்கிறதோ அந்த அளவுக்குக் கிழியவோ இறுகவோ வாய்ப்புக் கூடும். சிலருக்குப் பதினைந்து வருஷம் தொந்தரவே இருக்காது, சிலருக்கு மூன்றாம் வருஷமே மாற்ற வேண்டி வரும்.

உங்களுக்கு நடந்திருப்பது நான் மேலே சொன்ன உறை இறுக்கமாக இருக்கலாம். தொட்டால் கெட்டி என்பது ஒரு நிலை. பார்த்தாலே உருக்குலைவு தெரிவது அடுத்தது. வலி சேர்ந்தால் கடைசி நிலை. கடைசி இரண்டுக்கும் மறு ஆபரேஷன் தேவைப்படலாம். உறையை எடுத்துப் புதுப் பை வைக்கலாம், சொந்தச் சதைக்கு மாறலாம், எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தட்டையாகவே இருக்கலாம். மூன்றும் மதிப்பான முடிவுகள்தான். எண்ணெய் போட்டுத் தேய்ப்பதால் இறுகிய உறை இளகாது.

முதலில் ஒரு அல்ட்ராசவுண்ட் எடுங்கள். ஜெல் பை உள்ளுக்குள் சத்தமில்லாமல் கிழியும், வெளியே தெரியாது. அதனால்தான் தொந்தரவு இல்லாதவர்களும் ஐந்தாறு வருஷத்தில் ஒருமுறையும், பிறகு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறையும் அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ எடுக்க வேண்டும் என்கிறார்கள். வைத்துப் பல வருஷம் கழித்து அந்தப் பக்கம் மட்டும் நீர் கோத்து வீங்கினால், அந்த நீரை ஊசியால் எடுத்துப் பரிசோதிக்கக் கேளுங்கள். பாம்பன் வாசகிக்குச் சொன்ன அரிய புற்றுநோய் பெரும்பாலும் அப்படித்தான் தலைகாட்டும். ஆரம்பத்திலேயே கண்டால், பையையும் உறையையும் முழுதாக எடுப்பதிலேயே பெரும்பாலோர்க்குக் குணமாகிவிடுகிறது. திரும்பப் பெற்ற வகைப் பை உள்ளே இருந்தாலும், தொந்தரவு இல்லை என்றால் பயத்துக்காக எடுக்க வேண்டியதில்லை.

பையின் கம்பெனியும் எண்ணும் எழுதிய கார்டு தொலைந்தால் போகட்டும். ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியின் பதிவேட்டில் பையின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். நோயாளி எண்ணைச் சொல்லி, எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் போனில் படம் எடுத்து மகளுக்கும் அனுப்பி வையுங்கள்.

*

குவைத்தில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகணும். பை வைத்தவர்கள் விமானத்தில் போகலாமா?
— தேவிபட்டினம் வாசகி

தாராளமாகப் போகலாம். ஆபரேஷன் ஆகி ஆறு வாரமாவது ஆகியிருக்கட்டும். எக்ஸ்பாண்டர் நிலையில் இருந்தால் டாக்டரின் கடிதம் ஒன்றைக் கையில் வையுங்கள். சோதனைக் கருவி கத்தக்கூடும்.

*

எனக்குச் சர்க்கரை இருக்கு, வெத்தலை போயிலை போடுவேன். 58 வயசுல இதெல்லாம் எதுக்குன்னு மருமகளே கேக்குறா. ஆசைப்படுறது தப்பா?
— முத்துப்பேட்டை வாசகி (பெரியபட்டினம் பக்கம்)

தப்பே இல்லை. நாற்பது வருஷம் உடம்பில் இருந்ததைத் திரும்பக் கேட்பதற்கு வயசு வரம்பு கிடையாது. மருமகளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

ஆனால் புகையிலையை விட்டே ஆக வேண்டும். பீடி, சிகரெட் மட்டுமல்ல, வாயில் அடக்கும் புகையிலையிலும் நிக்கோட்டின் இருக்கிறது. அது தோலின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. மார்பை எடுத்தபின் மிஞ்சுகிற தோல் ஏற்கெனவே பாதி ரத்தத்தில் பிழைத்துக்கொண்டிருக்கும். அதையும் சுருக்கினால் தோல் கறுத்துச் சாகும், அடியில் பை இருக்கும். குறைந்தது நான்கு வாரத்துக்கு முன்பே நிறுத்துங்கள். வெற்றிலை, பாக்கு வேண்டுமா என்பது வேறு சண்டை; இன்றைக்கு அந்தச் சண்டை வேண்டாம். மூன்று மாதச் சர்க்கரை அளவு (HbA1c) 7-க்குப் பக்கத்தில் வரட்டும். நோயை எடுக்கும் ஆபரேஷன் இதற்காகத் தள்ளிப்போக வேண்டியதில்லை. பை பிறகு வைக்கலாம்.

செலவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையோடு ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசைக்குப் போய், "மார்பை எடுப்பதற்கு எவ்வளவு, மறுபடி அமைப்பதற்கு எவ்வளவு, பையின் விலை இதில் சேருமா" என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். ஒரே கேள்வியாகக் கேட்டால் "சேரும்மா" என்று ஒரே பதிலாக வரும். கடைசியில் பைக்குத் தனி பில் வந்து நிற்கும்.

புது மார்பில் உணர்ச்சி இருக்காது, அல்லது மிகக் குறைவாக இருக்கும். இதைப் பலரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வலிக்கு வெந்நீர்ப் பை வைத்து, சுடுவது தெரியாமல் தோல் வெந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். விறகடுப்பு முன்னால் குனியும்போதும் கவனம்.

*

எனக்குப் பையும் வேண்டாம், இன்னொரு ஆபரேஷனும் வேண்டாம். ஆனா ஆடி அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்துல முழுக்குப் போடணும். நனைஞ்சா ஒரு பக்கம் தட்டையாத் தெரியுமே. இதுக்கு ஒரு வழி சொல்லுங்க.
— ராமேஸ்வரம் வாசகி, 61

அம்மா, என் பெரியம்மாவுக்கு நான் பள்ளியில் படிக்கும்போது மார்பை எடுத்தார்கள். பழைய சேலைத் துணியில் பை தைத்து, கேழ்வரகு நிரப்பி ரவிக்கைக்குள் வைத்துக்கொள்வார். கனத்துக்குக் கேழ்வரகு; பஞ்சு வைத்தால் ரவிக்கை மேலே ஏறிவிடும் என்பார். நனைந்தால் கேழ்வரகு ஊறிவிடும். அதற்காகவே இருபது வருஷம் கடலில் இறங்கவில்லை. கரையில் நின்று எங்கள் மாற்றுத் துணிகளைக் காவல் காத்தார். அவருக்குக் காவல் காக்கப் பிடிக்கும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். நான் இந்தப் படிப்புக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆபரேஷன் வேண்டாம் என்பது முழுமையான முடிவு. யாரும் உங்களை மாற்றச் சொல்ல வேண்டாம். வெளியே வைத்துக்கொள்ளும் சிலிக்கோன் மார்பு இருக்கிறது. மதுரையில் பெரிய மருத்துவப் பொருள் கடைகளில் சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருவார்கள். தண்ணீருக்கென்றே தனி வகை உண்டு. லேசானது, நீரை உறிஞ்சாது. மற்ற மார்பின் அளவுக்குப் பொருந்துகிறதா என்று போட்டுப் பார்த்து வாங்குங்கள். உள்பாடியின் உள்பக்கம் பருத்தித் துணியில் ஒரு பாக்கெட் தைத்து, அதற்குள் செருகி, வாய்ப்பக்கம் இரண்டு ஹூக் வையுங்கள். அலை இழுத்தாலும் நகராது. மேலே அடர்நிறப் பருத்தி ரவிக்கை போடுங்கள். கரண்ட் வாங்கிய தோலென்றால், உப்பில் எரியாமல் இருக்க ஆறிக் குறைந்தது இரண்டு மாதமாவது ஆகியிருக்க வேண்டும்.

முழுக்குப் போட்டு வந்ததும் நல்ல தண்ணீரில் அதைக் கழுவி, நிழலில், வளைந்த பக்கம் கீழே இருக்கும்படி ஒரு கிண்ணத்தில் வைத்துக் காய வையுங்கள். வெயிலில் கொடியில் தொங்கவிட வேண்டாம், வடிவம் கெட்டுவிடும். ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது. முன்னதாக ஒருநாள் காலையில், கூட்டமில்லாத நேரத்தில், ஒருமுறை போட்டு இறங்கிப் பாருங்கள்.